தொட்டிக்கு வந்த சுகுணா

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தச் சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி நீங்கள் இப்போது எனக்கு அண்ணி இல்லை. பெயரைச் சொல்லி எழுதலாம் என்றால் கை வரவில்லை. அதனால் பழைய பழக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நலமாக இருக்கிறீர்களா? இன்னும் அதே ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறு வருடம் ஒரு வரி எழுதாதவள் இப்போது உதவி கேட்டு எழுதுகிறாள் என்று நினைத்தால் அது நியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

அப்பா போன பிறகு சீஸ் கூடத்தை நானும் அண்ணனும்தான் பார்த்துக்கொள்கிறோம். பால் வாங்குவது அவன் பொறுப்பு, தொட்டிகள் என் பொறுப்பு. காலையில் பாலைச் சூடாக்கி, ஆறவைத்து, உறை ஊற்றினால் மத்தியானத்துக்குள் புளிப்பேறிக் கட்டித்தட்டி, அறுக்கிற பதத்துக்கு வந்துவிடும். இத்தனை காலம் அப்படித்தான் நடந்தது. குளிர்காலம் முடிந்ததிலிருந்து ஏதோ ஆகிவிட்டது. மூடியைத் திறந்தால் பால் பாலாகவே கிடக்கிறது. முதலில் எப்போதோ ஒரு தொட்டி. இப்போது நான்கில் ஒன்று தேறினால் பெரிது. மற்றதெல்லாம் சாக்கடைக்குப் போகிறது. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் பாலைத்தான் சந்தேகப்படுகிறான். மேட்டு வீட்டுப் பால்காரம்மாவின் பசு ஒன்றுக்கு மடியில் சீழ் கட்டி ஊசி போட்டார்கள். அதை அந்த அம்மாவே வந்து சொல்லி, அந்தப் பசுவின் பாலைத் தனியாக ஒதுக்கியும் வைத்தார். உண்மையைச் சொன்னதே வினையாகிவிட்டது. "மருந்துப் பாலை ஊத்தி எங்க தொட்டியைக் கெடுத்துட்டீங்க" என்று பால் ஊற்ற வந்த எல்லார் முன்னாலும் அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பினான். அவர் பால் நின்ற பிறகும் தொட்டி தேறவில்லை. அதை எடுத்துச் சொன்னால், "குழாயெல்லாம் ஊறிப் போயிருக்கும்" என்கிறான். அவனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. இப்போது அக்கம்பக்கத்தில் யாருமே அந்த அம்மாவிடம் பால் வாங்குவதில்லை.

உங்களுக்கு எழுதச் சொன்னது யார் தெரியுமா? டீச்சர். அண்ணனுடைய இப்போதைய மனைவி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். "அவங்க படிச்ச படிப்பே அதுதானே. அவங்களைக் கேக்காம வேற யாரைக் கேப்பீங்க?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

பதில் எழுதாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
சின்னு


மார்ச் 11

அன்புள்ள சின்னுவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தொட்டிக்காகப் படிக்கவில்லை, உன் கையெழுத்துக்காக. இன்னும் 'ழ'வுக்கு வாலை இழுத்துக்கொண்டேதான் போகிறாய்.

ஆறு வருடம் எழுதவில்லை என்று கணக்குப் பார்க்காதே. நானும்தான் எழுதவில்லை. நான் அந்த வீட்டிலிருந்து கிளம்பிய அன்று பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருந்தேன், மறுபக்கத்தை நீ வந்து பிடித்தாய். பேருந்து கிளம்பும் வரை நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. அதற்கு நன்றி சொல்ல இவ்வளவு நாள் சந்தர்ப்பமே அமையவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி வேலை. தேறிய தொட்டியிலிருந்து சீஸ் பிழிந்த தண்ணீர், கெட்ட தொட்டியில் கட்டாமல் நின்ற பால், நீங்கள் வாங்கி வரும் உறை, அதை அறையில் பெருக்கி ஊற்றும் உறை, பொதுவாக வரும் பால், அந்த அம்மாவின் பால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். கொதிக்கவைத்த பாட்டிலில் பிடித்து, ஐஸ் சுற்றி அனுப்பு. எது எந்தப் பாட்டில் என்று குழப்பாமல் எழுது. நீ குழப்புவாய், அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இப்போதே சொன்னால் நீ அதையே தேடிக்கொண்டிருப்பாய். மருந்தா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க நேரான வழி உண்டு. அதுவரைக்கும் அந்தப் பால்காரம்மாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்.

டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் இருக்கும்போது நீ என்னை அண்ணி என்று எழுதுவது அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது. வேறு ஏதாவது யோசித்து வை.

அன்புடன்,
(நீயே ஒரு பெயர் வை)


மார்ச் 15

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் அம்மையார் அவர்களுக்கு,

இது எப்படி இருக்கிறது? எனக்கே சகிக்கவில்லை.

பாட்டில்கள் இதோடு வருகின்றன. குழப்பவில்லை, டீச்சர் கூட உட்கார்ந்து ஒட்டினார். கூரியர்காரர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க, உயிரோட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தான் அனுப்புகிறோம் என்றேன்.

பால்காரம்மாவிடம் போய்ப் பால் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாசலில் நிற்கவைத்தே பேசினார்.

"என் பாலை வேண்டாம்னீங்க. இப்ப பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போறீங்க. எதுக்கு, போலீஸ்ல குடுக்கவா?"

"இல்லம்மா. உங்க பால் நல்ல பால்னு காட்டத்தான்."

"நல்ல பால்னு பால் குடிச்ச கன்னுக்குட்டிக்குத் தெரியும்" என்றார். ஆனாலும் என் கண் முன்னாலேயே கறந்து, நுரை அடங்கும் வரை காத்திருந்து ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மாடுகளை விற்றுவிட்டாராம். காலியாகக் கிடந்த இடத்தை நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பேச்சை மாற்றினார்.

நல்லபடியாக ஏதாவது சொல்லுங்கள்.

சின்னு


மார்ச் 24

அன்புள்ள சின்னு,

பாலில் ஒன்றும் இல்லை. முதலில் இதைப் படித்துவிடு, மற்றதைப் பிறகு பொறுமையாகப் படிக்கலாம். அந்த அம்மாவின் பாலும் சரி, மற்றவர்கள் பாலும் சரி, மருந்தின் வாசனைகூட இல்லை.

உன் தொட்டியைக் கெடுத்தது ஒரு வைரஸ். மனிதரையும் மாட்டையும் அது தொடாது. உறையில் இருக்கிற பாக்டீரியாவைத்தான் பிடிக்கும்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் நீ சொல்ல வேண்டும். கெட்ட தொட்டியின் பாலைத் திரித்துத் தண்ணீரைப் பிரித்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தேன். தட்டில் உங்கள் உறை பாக்டீரியாவைப் பாய் விரித்த மாதிரி வளர்த்து, அதன்மேல் அந்த நீரை விட்டேன். மறுநாள் பாய் முழுக்க அழிந்திருந்தது. மருந்து இருந்தாலும் அழியும்தான். அதனால் அந்த நீரில் ஒரு சொட்டை எடுத்துப் பத்து லட்சம் மடங்கு நீர்த்துப்போக வைத்து மறுபடியும் விட்டேன். மருந்தாக இருந்தால் அந்த அளவு நீர்த்த பிறகு ஒன்றுமே செய்யாது. இங்கேயோ பாயில் பொட்டுப் பொட்டாகத் தெளிந்த ஓட்டைகள். ஒரு ஓட்டையைத் தொட்டு எடுத்துப் புது பாக்டீரியாவில் விட்டால் அதையும் கொன்று, பல மடங்காகப் பெருகி நிற்கிறது. மருந்துக்குப் பெருகத் தெரியாது. பெருகுகிறது என்றால் அது வைரஸ்.

மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். தலைப்பிரட்டை மாதிரி இருக்கிறதா? அந்தத் தலைக்குள் ஒரு நூல், அதில்தான் அதன் முழு ஜாதகமும். வால் நுனியால் பாக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரையைத் தடவிப் பார்க்கும். தனக்குப் பொருந்தும் சர்க்கரை என்றால் ஒட்டிக்கொண்டு நூலை உள்ளே இறக்கிவிடும். அதன் பிறகு பாக்டீரியா தன் வேலையை மறந்து வைரஸுக்கு வேலைக்காரியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் வெளியே வரும். சில வைரஸ்கள் பாக்டீரியாவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக ஒடுங்கிக் கிடக்கும். இந்தப் பேரினம் அப்படி இல்லை, நுழைந்த வீட்டை இடித்துவிட்டுத்தான் வெளியே வரும். இதற்கு ஸ்குனாவைரஸ் என்று பெயர். பால் புளிக்கவைக்கிற இடம் உலகத்தில் எங்கே இருந்தாலும் இதன் உறவுக்காரர்கள் யாராவது அங்கே இருப்பார்கள். பாலைச் சூடாக்கும்போது பாக்டீரியா செத்தாலும் இதில் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும். வெளியே கிடக்கும்போது வெறும் தூசு. பசியும் இல்லை, அவசரமும் இல்லை. எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை, சின்னு. உன் சீஸைக் கெடுத்ததற்காக இதன்மேல் கோபப்பட முயற்சி செய்தேன், முடியவில்லை.

உங்கள் உறையையும் சோதித்தேன். வாங்கி வந்த உறை சுத்தம். அறையில் வைத்துப் பெருக்கிய உறையில் வைரஸ் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் கூடத்துக்குள்ளேயேதான் பரவுகிறது. சீஸ் பிழிந்த தண்ணீரில்தான் இது கோடிக்கணக்கில் இருக்கும். அந்தத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே தெறிக்கிறது, அங்கிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்.

பரிசோதனை முடிவைத் தனித்தாளில் முத்திரையோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே என் பெயர் இருக்கும். மறைக்க வழியில்லை. உன் அண்ணன் பார்த்தால் பார்க்கட்டும்.

அன்புடன்,
இன்னும் பெயர் வைக்கப்படாதவள்


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு செய்துவிட்டேன், இனி அக்காதான். கூடப் பிறந்த அக்கா எனக்கு இல்லை, அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. டீச்சரையும் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். "கல்யாணமான நாள்லேர்ந்து டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டு, வீட்டுலயும் என்னைப் பரீட்சைத்தாள் திருத்த வெச்சுட்டீங்களே" என்று சிரித்தார். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நாள் அவர் இதற்குக் காத்திருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவே இல்லை, அக்கா.

உங்கள் கடிதத்தை எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஸ்குனா என்றதும் எங்கள் கூடத்து மேஸ்திரி, "என்னது, சுகுணாவா?" என்றார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது தொட்டியின் மூடியைத் திறக்கும்போதெல்லாம், "சுகுணா வந்திருக்காளா பாரு" என்கிறார்கள்.

வழியையும் கண்டுபிடித்துவிட்டோம். சீஸ் பிழிந்த மஞ்சள் தண்ணி நிற்கிற சிமெண்டுத் தொட்டி, உறை வைக்கிற அறையின் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. தினமும் அங்கே குழாயைத் திருப்பி வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம், புகை மாதிரி சாரல் எழும்பும். மேஸ்திரி ஒரு துணித்திரியைக் கொளுத்தி அணைத்து, சிமெண்டுத் தொட்டியின்மேல் பிடித்தார். புகை நேராக ஜன்னலுக்குள் போனது. அந்த ஜன்னலில் போன கோடையில்தான் காற்றை உள்ளே இழுக்கிற விசிறி மாட்டினோம், உறை பார்த்துக்கொள்கிற அம்மா வெக்கையில் மயங்கி விழுந்ததால். கோடையின் கடைசியில் மாட்டியது, குளிர்காலம் முடிந்த பிறகுதான் தினமும் ஓட ஆரம்பித்தது.

அதைப் பார்த்ததும் அந்த அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எனக்காக மாட்டினதுதானே. என்னாலதானே இத்தனை பாலும் போச்சு" என்று ஒரே அழுகை.

மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன வேணும்னா விழுந்த? விசிறி உனக்குத்தான் மாட்டினோம், சுகுணா ஓசியில காத்து வாங்க வந்துட்டா. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார். அழுதுகொண்டே சிரித்தார் அந்த அம்மா.

ஜன்னலை அடைத்தாயிற்று. உறையறையைக் கட்டடத்தின் மறுகோடிக்கு, நிழல் விழுகிற பக்கமாக மாற்றிவிட்டோம். அங்கே விசிறியே தேவைப்படவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

உங்கள்,
சின்னு


ஏப்ரல் 9

அன்புள்ள சின்னு,

சுகுணா என்ற பெயரை இங்கே சொன்னேன். கூடம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் பேராசிரியர்கூட நேற்று ஒரு கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

ஐஸில் மூன்று புட்டிகள் வருகின்றன. மூன்றும் உறைதான், ஆனால் மூன்றும் வேறு வேறு மேல்தோல் உடையவை. உங்கள் சுகுணாவுக்குப் பழைய உறையின் சர்க்கரை மட்டும்தான் பொருந்தும். இந்த மூன்றின்மேலும் அவளை விட்டுப் பார்த்தேன், தடவிப் பார்த்துவிட்டு ஒட்ட முடியாமல் நின்றுவிட்டாள். ஒன்றையே தொடர்ந்து ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். ஒன்றுக்குப் பழகின வைரஸ் எங்கிருந்தாவது வந்து சேர்ந்தாலும், அது பெருகுவதற்குள் அடுத்த உறை வந்திருக்க வேண்டும். முதலில் எல்லாக் குழாயையும் குளோரின் விட்டுக் கழுவுங்கள். மஞ்சள் தண்ணிப் பக்கம் போன செருப்போடு யாரும் உறையறைக்குள் வரக் கூடாது, நீ உள்பட.

அவள் மொத்தமாகப் போய்விட மாட்டாள். கட்டி வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

உறைக்கார அம்மாவின் உடம்பை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நான்கு தொட்டியும் கட்டியது. அடுத்த நாளும் கட்டியது. கத்தியை விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மேஸ்திரி தொட்டியின் விளிம்பைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். உங்களுக்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் நான் இன்று எழுதுவது வேறு விஷயம்.

உங்கள் முத்திரைத்தாளை அது வந்த அன்றைக்கே அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தான். கீழே உங்கள் பெயர் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். பல நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் தாளும் அடுத்த சட்டைப் பைக்கு மாறுகிறது என்று அண்ணி சொன்னார்.

தொட்டிகள் கட்டிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "வா, மேட்டு வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றான். பால்காரம்மா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை, கையும் நிற்கவில்லை.

அண்ணன், "உங்க பால்ல ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

"அது எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியல. தெரியாமலே சொல்லிட்டேன். தப்புதான். என்னை மன்னிச்சுக்குங்க."

அக்கா, எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அப்பாவிடம் அடி வாங்கியபோதுகூட வந்ததில்லை.

அந்த அம்மா மாட்டின் முதுகை ஒரு முறை நன்றாகத் தேய்த்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அன்னைக்கு எங்க வெச்சு சொன்னீங்க?"

"கூடத்துல. எல்லார் முன்னாடியும்."

"அப்ப இதையும் அங்க வந்தே சொல்லுங்க."

அண்ணன் சரி என்று தலையாட்டினான். மறுநாள் காலையில், பால் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் வந்த நேரத்தில், பால் கேன் இறக்கி வைக்கிற மேடைமேல் ஏறி நின்றான். தாளைப் பிரித்துப் படித்தான். பாதியில் வைரஸின் பெயர் வந்ததும் திக்கித் திணறினான். கீழேயிருந்து யாரோ, "சுகுணாதான், சும்மா சொல்லுங்க" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு தாளை மடித்துவிட்டு, "இந்த அம்மா பால்ல குறை சொன்னது என் தப்பு. அவங்களை அவமானப்படுத்தினதும் என் தப்பு. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றான். இறங்கி வந்து அவருடைய கேனைத் தானே தூக்கி முதலில் அளந்தான். அந்த அம்மா முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. "பார்த்து, தளும்பப் போவுது" என்று மட்டும் சொன்னார். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்று மாலை நான் இதை எழுத உட்கார்ந்தபோது அண்ணன் உள்ளே வந்தான்.

"அவங்களுக்கா எழுதுற?"

"ஆமா."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். "எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உங்கள்,
சின்னு


மே 6

அன்புள்ள சின்னு,

உன் கடிதம் வந்த அன்று நான் வேலை எதுவும் செய்யவில்லை. பாக்டீரியா வளர்க்கிற அடைகாப்புப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுக்கக்கூட மறந்துவிட்டேன், கூட வேலை செய்கிற பெண்தான் எடுத்து வைத்தாள்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அண்ணனோடு இருந்த கடைசி வருடம், இந்த மாதிரி வைரஸ்களைத் தேடி, என் ஆராய்ச்சிக்காக ஊரெல்லாம் அலைந்து கழிவுநீர் சேகரித்தேன். ஆராய்ச்சிக் கூடத்தில் குளிர்பெட்டி பழுதாகிவிட்டதால் அந்தப் பாட்டில்களை வீட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் பாட்டில்கள் எல்லாம் பளபளவென்று கழுவித் துடைத்து, வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விருந்தாளி வருகிறார்கள் என்று சாக்கடைத் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டாராம். அவரைப் பொறுத்தவரை அது எனக்குச் செய்த உதவி. சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் நான் அதை வைத்தது தவறு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் என் ஒரு வருடம் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதபோது, "தண்ணிதானே, மறுபடி பிடிச்சுக்கலாம்" என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை, சின்னு. தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு சொல். அதற்காகப் பல மாதம் காத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. அது வராத வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. எங்கள் கதை அவ்வளவுதான்.

மேடையில் ஏறி நின்று அவர் சொன்னதை நீ எழுதியிருந்த இடத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பால் வாங்குகிற பழக்கம் மட்டுமே உள்ள பால்காரம்மாவிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்று. கொஞ்ச நேரம் அந்தக் கோபத்தோடேயே இருந்தேன். பிறகு அது தானாக இறங்கிவிட்டது. மறுபடி படித்தேன். கேனைத் தூக்கியதையும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் படித்தேன்.

அவர் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. மெய்யாகவே சொல்கிறேன், பெருந்தன்மைக்காக இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். இனி அது உனக்கும் உன் அண்ணிக்கும் அந்த வீட்டில் கிடைக்கும். எனக்குக் கிடைக்காமல் நான் விட்டு வந்த ஆசை ஒன்று அங்கே இருந்தது, அது உங்களுக்குப் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளும்படி எனக்கு எழுதினாயே, அதற்கு உனக்கு நன்றி. எழுதச் சொன்ன உன் அண்ணிக்கு நான் தனியாகவே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

உங்கள் வைரஸை உறையவைத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். எங்களிடம் இருப்பவை எதனோடும் முழுக்க ஒத்துப்போகவில்லை, புதியவள்தான். அவளைப் பற்றி எழுதப் போகிற கட்டுரையில் பால்காரம்மாவின் பாலுக்கும் ஒரு வரி இருக்கும், ஒப்பீட்டுக்கு எடுத்த சுத்தமான பால் என்று. அவரிடம் போய்ப் படித்துக் காட்டு. அதெல்லாம் எனக்கெதற்கு என்பார், விடாதே.

ஜூனில் எனக்கு ஒரு வாரம் விடுமுறை வருகிறது. எங்கும் போவதாக இல்லை. கூடத்தை நேரில் பார்க்கலாமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன், இப்போது கேட்டுவிட்டேன். உன் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. வீட்டில் இல்லாமல் எங்காவது போய்விட வேண்டாம், இருக்கட்டும். எதுவும் பேச வேண்டியதில்லை. எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

அன்புடன்,
அக்கா